வாசகர் கேள்வி பதில்: கற்கும் கூட்டமும் முடிவெடுக்கும் கூட்டமும்

ஊர் மக்கள் தாங்களே கூடி ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் "மாற்று அபிவிருத்தி" ஒன்றுகூடல்கள் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரிக் குறிப்பொன்று எழுதியிருந்தேன். அதற்கு வன்னியின் பல மூலைகளிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. சில கடிதங்களில் ஆர்வமும் பலவற்றில் எரிச்சலும் இருந்தன. எரிச்சலுக்கு நியாயமும் உண்டு. ஆகையால் இந்த முறை சமையற் குறிப்புக் கேள்விகளையும் சோதிடக் கேள்விகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த ஒரு விடயத்துக்கே பக்கங்களை ஒதுக்குகிறேன்.

கேள்வி: எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் கடந்த மாதம் ஓர் ஒன்றுகூடல் நடந்தது. "மக்களே முன்னெடுக்கும் மாற்று அபிவிருத்தி" என்று பதாகை கட்டியிருந்தார்கள். 2009க்குப் பிறகு இப்படி எத்தனையோ பயிற்சிப் பட்டறைகளுக்குப் போய்விட்டோம், ஐயா. இது அவற்றிலிருந்து எந்த வகையில் வேறானது?
(மாதர் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர் ஒருவர், விசுவமடு)

பதில்: பதாகையைப் பார்த்து வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது, அம்மா. கூட்டம் முடிந்தபின் குறிப்புக் கொப்பி யாருடைய கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். மீள்குடியேறிய சில வருடங்களில், எங்கள் ஊருக்கு ஒரு நிறுவனத்தார் வந்து, பெரிய வெள்ளைத் தாள்களை நிலத்தில் விரித்து, நிறப் பேனாக்களைத் தந்து, ஊரின் வரைபடத்தை எங்களைக் கொண்டே வரையச் செய்தார்கள். எந்தக் கிணறு உவராகிவிட்டது, எது கோடையில் வற்றுகிறது, எதிலே போர்க்காலத்து இரும்பும் குப்பையும் கிடக்கிறது என்று ஒரு பகல் முழுவதும் வாதாடி ஒவ்வொன்றாகக் குறித்தோம். யாருடைய கிணறு நல்ல கிணறு என்பதில் ஒரு சிறு சண்டைகூட வந்தது. மாலையில் அந்தத் தாளைச் சுருட்டி, இறப்பர் வளையம் போட்டு, வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னொரு வரட்சியில் பவுசரில் தண்ணீர் கொடுப்பதற்காகக் கிணறுகளின் பட்டியலை அலுவலர்கள் கேட்டபோது எங்களிடம் ஒரு பிரதிகூட இருக்கவில்லை. மறுபடியும் வீடு வீடாக நடந்தோம். எங்கள் ஊரைப் பற்றிய அறிவு எங்கள் ஊரில் மட்டும் இல்லாமற் போயிருந்தது.

நீங்கள் கேட்கும் ஒன்றுகூடல்கள் இந்தப் பிழையிலிருந்து விலகுவதற்காகவே தொடங்கப்பட்டவை என்று சொல்லலாம். இந்தியாவில் "விகல்ப் சங்கம்" என்ற பெயரில் இவை 2014ஆம் ஆண்டு தொடங்கின. மாற்றுவழிகளின் சங்கமம் என்பது அதன் பொருள். 1979 முதல் சூழலியல் துறையில் இயங்கிவரும் கல்பவிருட்சம் என்ற அமைப்பு வேறு பல அமைப்புகளுடன் சேர்ந்து இதற்கு முன்கை எடுத்தது. முதலாவது கூடல் ஆந்திராவின் வரண்ட அனந்தபூர்ப் பகுதியிலுள்ள திம்பக்டுவில் நடந்தது. அந்த இடத்தைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் இருந்தது. 1990 முதல் தரிசு நிலத்தை மீண்டும் பச்சையாக்கி, பெண்களின் சேமிப்புக் கூட்டுறவுகளையும் சிறுதானிய விவசாயிகளின் கூட்டுறவையும் கட்டியெழுப்பிய மக்கள் அங்கு இருந்தார்கள். ஆகவே வந்தவர்கள் மண்டபத்துக்குள் இருந்து கேட்டதோடு நில்லாமல், வெளியே போய் நேரிலும் பார்க்க முடிந்தது. அடுத்த ஆண்டு மதுரையிலும் ஒரு கூடல் நடந்தது. நெசவாளர், விதை காப்போர், மீனவர், மாற்றுக் கல்வி நடத்துவோர் என்று ஏதோ ஒன்றை உண்மையிலேயே செய்துகொண்டிருப்பவர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்பதே இந்தக் கூடல்களின் உள்ளடக்கம்.

அங்கு பேசப்படுவதை ஐந்து இதழ்ப் பூவாக வரைந்து காட்டுவார்கள்: இயற்கையைக் கெடுக்காமை, சமூக நீதி, நேரடி மக்களாட்சி, பொருளாதாரம் மக்கள் கையில் இருத்தல், பண்பாடும் அறிவும் பலவாகத் தழைத்தல். படம் அழகாயிருக்கிறது, ஆனால் எனக்குப் பயன்பட்டது அந்தப் பூவை ஒரு சோதனையாக எடுத்துக்கொண்டதுதான். இயற்கை விவசாயம் செய்யும் பண்ணை ஒன்றில் பெண்ணுக்குக் குறைந்த கூலி கொடுத்தால் ஓர் இதழ் உதிர்ந்துவிட்டது என்று யாராவது எழுந்து சொல்ல வேண்டும். உங்கள் மண்டபத்தில் அப்படி யாராவது எழுந்து சொன்னார்களா என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: மாற்று என்று பேசுபவர்கள் எங்களை மாட்டுவண்டிக் காலத்துக்குத் திருப்பப் பார்க்கிறார்கள். எங்களுக்குத் தேவை காப்பெற் வீதியும், உழவு இயந்திரமும், நெல்லுக்கு விலையும். யூரியா இல்லாமல் நாங்கள் பட்ட பாடு போதாதா?
(கமக்காரர் ஒருவர், துணுக்காய்)

பதில்: நீங்கள் பட்ட பாட்டை நானும் பட்டேன். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானி அறிவித்தலால் நிறுத்தப்பட்டது. நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டபோது காலபோக விதைப்பு முடிந்து பயிர் மஞ்சளாகிக் கொண்டிருந்தது. சேதன விவசாயத்தில் நம்பிக்கை வைத்துப் பல வருடங்களாகச் சிறு துண்டில் செய்துபார்த்தவர்கள்கூட அந்தப் போகத்தில் அவமானப்பட்டார்கள், ஏனென்றால் அவர்களுடைய பெயரிலேயே அந்தத் தடை நியாயப்படுத்தப்பட்டது.

அங்கே நடந்தது என்னவென்று கவனியுங்கள். பசளையை மாற்றினார்கள், முடிவெடுக்கும் முறையை மாற்றவில்லை. எந்தக் கமக்காரர் அமைப்பிடமும் கேட்கவில்லை, எந்த மண்ணையும் பரிசோதிக்கவில்லை, ஒரு போகம்கூட அவகாசம் கொடுக்கவில்லை. கொழும்பிலிருந்து யூரியாவைத் திணிப்பதும் கொழும்பிலிருந்து கூட்டெருவைத் திணிப்பதும் ஒரே வகை அபிவிருத்திதான். மக்கள் முன்னெடுப்பது என்று நான் சொல்வது பொருளைப் பற்றியதல்ல. அது யார், எப்போது, எவ்வளவு என்று தீர்மானிக்கிறார் என்பதைப் பற்றியது. ஓர் ஊர் கூடியிருந்து, கணக்குப் பார்த்து, பாதிக்குப் பாதி யூரியா போடுவது என்று தீர்மானித்தால் அதை நான் மறுக்கமாட்டேன்.

உழவு இயந்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். அதை வேண்டாம் என்று எந்தக் கூடலிலும் நான் கேட்டதில்லை. குத்தகைத் தவணையில் வாங்கி, இரண்டு போகம் தவறியதும் பறிகொடுத்தவர்களை நம் ஊர்களில் எல்லோரும் அறிவோம். பத்துக் குடும்பங்கள் ஒன்றைக் கூட்டாக வாங்கி முறைவைத்து ஓட்ட முடியுமா, முறை வைத்தால் விதைப்பு நாளில் யாருக்கு முதலிடம் என்பதுதான் அங்கு கேட்கப்படும் கேள்வி. அது கடினமான கேள்வி. கூட்டாக வாங்கிய இயந்திரம் மரத்தடியில் துருப்பிடித்து நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கூடிக் கூடிக் கதைத்து எதைச் சாதித்தோம்? பெரிய திட்டங்கள் வருவதானால் வந்துகொண்டுதானே இருக்கின்றன.
(இளைஞர் ஒருவர், பூநகரி)

பதில்: உங்கள் பிரதேசத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது, தம்பி. இரணைதீவு மக்கள் 1992இல் இடம்பெயர்ந்து, கடற்படை அங்கு நிலைகொண்ட பிறகு, கால் நூற்றாண்டு வரை கரையில் இருந்து தங்கள் தீவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2017 மே மாதம் இரணைமாதா நகரில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி, வெள்ளைக் கொடிகளுடன் படகுகளில் ஏறித் தாங்களாகவே போய் இறங்கினார்கள். அந்த ஒரு வருடத்தில் பந்தலுக்குள் இருந்து அவர்கள் கதைத்தது வீண்போகவில்லை. யார் முதலில் படகில் ஏறுவது, தடுத்தால் என்ன சொல்வது, போய் இறங்கிய பின் எதை உண்பது என்றெல்லாம் முன்கூட்டியே யோசிக்காமல் அது நடந்திருக்காது. அதே 2017இல் முல்லைத்தீவின் பிலக்குடியிருப்பு மக்கள் சனவரி இறுதியிலிருந்து ஒரு மாதம் வீதியோரத்தில் இருந்து, விமானப்படையின் பிடியிலிருந்த தங்கள் காணியைப் பெற்றார்கள். பக்கத்திலே கேப்பாப்புலவில் எஞ்சியவர்கள் அதைவிடப் பல மடங்கு காலம் இருந்தும் எல்லாவற்றையும் பெறவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் வெற்றிகளைப் பெரிதாக்கிச் சொல்லும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. மன்னாரிலும் பூநகரியிலும் வரவிருந்த அதானி நிறுவனத்தின் காற்றாலைத் திட்டம் 2025 பெப்ரவரியில் கைவிடப்பட்டபோது, இது மக்கள் எதிர்ப்பின் வெற்றி என்று சிலர் எழுதினார்கள். மின்சாரத்தின் விலையை மறுபடி பேச வேண்டும் என்று புதிய அரசாங்கம் நின்றதும் அதில் முக்கிய காரணம். மக்கள் எதிர்த்திருக்காவிட்டால் அந்த விலைப் பேச்சு எழுந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

எனக்கு நிறைவு தந்தது பொருத்து வீட்டு விவகாரம். வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் தருவதாக அரசாங்கம் திட்டமிட்டபோது, ஒரு வீட்டின் விலை 20 இலட்சம் ரூபாவுக்கு மேல் என்று சொல்லப்பட்டது. அதற்கு முன் இந்திய உதவியில் வீட்டுக்காரர் தாமே கட்டிய கல் வீட்டுக்குக் கொடுக்கப்பட்டது 5 இலட்சத்து 50 ஆயிரம். அது போதாமல் பலர் கடனாளியானதும் உண்மை. ஆனாலும், வன்னி வெயிலில் இரும்புச் சுவருக்குள் எப்படி இருப்பது, பிறகு ஓர் அறையைச் சேர்த்துக் கட்டுவதானால் எந்த மேசன் கட்டுவான், அந்தப் பணத்தில் எத்தனை கல் வீடு கட்டலாம், அதில் எத்தனை பேருக்கு ஊரிலேயே வேலை கிடைக்கும் என்று பொறியியலாளரும் சமூகத்தாரும் கணக்குப் போட்டு முன்வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்வதோடு நிற்காமல், வேறு எப்படி என்றும் சொன்னார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

கேள்வி: இதில் புதிதாக என்ன இருக்கிறது? எழுபதுகளில் காந்தீயம் இதையெல்லாம் செய்யவில்லையா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வவுனியா)

பதில்: செய்தது. கட்டடக்கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராசசுந்தரமும் வவுனியாவை மையமாக வைத்து நடத்திய காந்தீயம், வன்செயல்களால் துரத்தப்பட்டு வந்த மலையக மக்களைக் காடு வெட்டிக் குடியிருத்தி, பாலர் பாடசாலைகளும் பண்ணைகளும் நடத்தியது. அதற்குக் கிடைத்த பரிசு உங்களுக்குத் தெரியும். 1983இல் இருவரும் கைதானார்கள். இராசசுந்தரம் அந்த யூலையிலேயே வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். தப்பிப் பிழைத்த டேவிட் நெடுங்காலம் தமிழ்நாட்டில் வாழ்ந்து, 2015இல் கிளிநொச்சியில் காலமானார். அவர்கள் குடியமர்த்திய மக்களின் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் இன்றைக்கும் காணி அனுமதிப்பத்திரம் இல்லை என்று உங்களுடைய பழைய மாணவர்களைக் கேட்டுப்பாருங்கள். மாற்று அபிவிருத்தி பற்றிய கூட்டங்களில் அந்த மக்கள் இன்னும் பின்வரிசையில்தான் இருக்கிறார்கள். புதிது, பழையது என்பதைவிட இது என்னை அதிகம் உறுத்துகிறது.

கேள்வி: எங்களுக்கு ஏற்கனவே கமக்காரர் அமைப்பு இருக்கிறது, போகத்துக்குப் போகம் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. அதற்கு மேல் இன்னொரு கூட்டம் எதற்கு? இருக்கிற கூட்டத்திலேயே என்னைப் போன்ற பெண்கள் பேச முடியவில்லை.
(பெண் கமக்காரர் ஒருவர், உருத்திரபுரம்)

பதில்: வந்த கடிதங்களில் மிகச் சிறந்தது உங்களுடையது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உண்மையில் நம்மிடம் இருக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம், உலகமெங்கும் மாற்று அபிவிருத்தி பேசுபவர்கள் தேடி அலையும் ஒன்று. பெரிய குளங்களில் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழும், சிறு குளங்களில் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழும் அது கூடுகிறது. எப்போது துருசு திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, எந்த நாளுக்குப் பிறகு மாடு கட்டாக்காலியாகத் திரிந்தால் தண்டம் என்றெல்லாம் அது எடுக்கும் முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும். இரணைமடுக் குளத்தில் 36 அடிக்குத் தண்ணீர் நின்றால் சிறுபோகத்துக்கு ஒரு கதை. குறைந்து நின்றால் வேறு கதை. குறைந்து நிற்கும் வருடத்தில் முழு வயலையும் விதைக்க முடியாது என்பதால், ஒரு பகுதி நிலத்தைத் தெரிவுசெய்து, அங்கே காணி இல்லாதவருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்து விதைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. சொந்தக் காணியை இன்னொருவர் ஒரு போகம் விதைக்கக் கொடுப்பதென்பது சின்ன விடயமல்ல. எந்த நிபுணரும் வந்து அதைக் கற்றுத் தரவில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தின் குறை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நடைமுறையில் காணி யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருடைய வாய்க்குத்தான் அங்கு மதிப்பு. குடியேற்றத் திட்டக் காணிகளில், உரித்தாளர் இறந்தபின் காணி யாருக்குப் போகும் என்று சொல்லும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னுரிமை வரிசை, 2022இல் திருத்தப்படும் வரை ஆணுக்கே முதலிடம் கொடுத்து வந்தது. போரில் கணவனை இழந்து, தானே வரம்பு கட்டி, தானே நீர் பாய்ச்சும் பெண், கூட்டத்தில் மைத்துனரின் பின்னால் நிற்க வேண்டியிருப்பது அதனால்தான். குத்தகைக்குச் செய்பவருக்கும் இதே நிலைமைதான். கரையோர மீனவர், மாடு வளர்ப்பவர், குளத்தில் மீன் பிடிப்பவர் எல்லோருக்கும் அந்தத் தண்ணீரில் பங்கிருந்தும், கூட்டத்தில் இடமில்லை.

இன்னொரு குறை, அங்கு நேரமில்லை. மேடையில் அதிகாரிகள், கீழே நூற்றுக்கணக்கான பேர், இரண்டு மணி நேரத்தில் திகதி குறித்தாக வேண்டும். விதை ஏன் ஒவ்வொரு வருடமும் கடையிலிருந்து வருகிறது, நெல்லை ஏன் களத்திலேயே விற்றுவிட்டு மூன்று மாதத்தில் அரிசியை வாங்குகிறோம், நுண்கடன்காரர் ஏன் செவ்வாய்க்கிழமை தவறாமல் வருகிறார் என்று ஆறுதலாகக் கதைக்க அது இடமல்ல.

இங்கேதான் மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மெண்டா லேகா என்ற கோண்டு பழங்குடி ஊரின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே இரண்டு கூட்டங்கள் தனித்தனியே நடக்கின்றன. ஒன்று கற்கும் வட்டம். அதற்கு வெளியாரும் வரலாம், யாரும் எதையும் கேட்கலாம், ஆனால் அங்கு எந்த முடிவும் எடுக்கப்படாது. மற்றது ஊர்ச் சபை. அதில் ஊரார் மட்டுமே இருந்து, வாக்கெடுப்பில்லாமல், எல்லோரும் இணங்கும் வரை கதைத்து முடிவெடுப்பார்கள். தில்லியிலும் மும்பாயிலும் எங்கள் அரசு, எங்கள் ஊரில் நாங்களே அரசு என்பது அவர்களின் முழக்கம். ஏறக்குறைய 1,800 ஹெக்டேயர் காட்டின் மீதான சமூக உரிமையை 2009இல் சட்டப்படி பெற்றார்கள். இரண்டு வருடம் கழித்து, தாங்கள் வெட்டிய மூங்கிலைத் தாங்களே விற்கும் அனுமதியையும் பெற்றார்கள். பல வருடம் கற்கும் வட்டத்தில் சட்டங்களை வரிவரியாகப் படித்துப் பழகியிருந்ததால்தான், வன உரிமைச் சட்டம் வந்த உடனேயே அதைக் கையில் எடுக்க அவர்களால் முடிந்தது.

நமக்கு முடிவெடுக்கும் கூட்டம் இருக்கிறது, கற்கும் கூட்டம்தான் இல்லை. நிறுவனங்கள் நடத்தும் பட்டறை இரண்டிலும் சேராது, ஏனென்றால் அங்கு கற்பதும் முடிவெடுப்பதும் அவர்கள் வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். ஆகவே இந்த மாற்று ஒன்றுகூடல்களை நீங்கள் கற்கும் கூட்டமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காணி யார் பெயரில் என்று அங்கு யாரும் கேட்க முடியாது. பின்னுரிமைச் சட்டம் திருத்தப்பட்டதை எத்தனை பெண்கள் அறிவார்கள் என்பதிலிருந்தே தொடங்கலாம். அங்கே பேசிப் பழகிய பத்துப் பெண்கள் சேர்ந்து அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முன்வரிசையில் போய் இருந்தால், மைத்துனர் சற்று நகர்ந்து இடம் விடுவார்.

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தில் நாம் இந்தக் கற்கும் கூட்டம் இல்லாமல் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சிக் கமக்காரர் மறுத்ததில் நியாயம் இருந்தது; யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருந்ததும் உண்மை. இறுதியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. இடைப்பட்ட வருடங்களில் இரு பக்கத்தாரும் அறிக்கைகளில் மோதிக்கொண்டார்களே தவிர, ஒரே பாயில் இருந்து குளத்தின் நீர்க்கணக்கைப் பார்த்ததை நான் காணவில்லை.

கேள்வி: எங்கள் ஊரிலும் ஒன்று நடத்த விரும்புகிறோம். காசுக்கு யாரிடம் போவது?
(கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் ஒருவர், ஒட்டுசுட்டான்)

பதில்: முதல் கூட்டத்துக்கு யாரிடமும் போக வேண்டாம். மண்டபமும் வேண்டாம், குளக்கட்டு மருதமர நிழல் போதும். வெட்டும் காலத்தில் வைக்காதீர்கள். சூடடித்து முடிந்து, பங்குனித் திங்கள் தொடங்குவதற்கு முன் வையுங்கள். ஒரேயொரு பொருளை எடுங்கள். விதை என்றால் விதை மட்டும். மொட்டைக்கறுப்பனோ பச்சைப்பெருமாளோ யாராவது ஒரு போத்தலில் வைத்திருந்தால் கொண்டுவரச் சொல்லி, எந்த மண்ணில் எவ்வளவு விளைந்தது, எத்தனை நாள் எடுத்தது, கதிர் சாய்ந்ததா என்று அவர் வாயாலேயே கேளுங்கள். தோற்றவரையும் கூப்பிடுங்கள், அவரிடம்தான் படிக்க நிறைய இருக்கும். பெண்களை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு ஆண்கள் கூடியிருந்து சமத்துவம் பேசும் கூத்தை நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன். சமையலை முறைவைத்துச் செய்யுங்கள், அல்லது வீட்டுக்கொரு சோற்றுப் பொதி கட்டி வரச் சொல்லுங்கள்.

குறிப்பு எழுத உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருவரைப் பிடியுங்கள். 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதன் நிழற்படப் பிரதியை யார் கேட்டாலும் கொடுக்கலாம், மூலக் கொப்பி சங்கத்து அலுமாரியை விட்டு வெளியே போகக் கூடாது. தேத்தண்ணீர்ச் செலவுக்குச் சங்கத்தின் சில்லறைக் காசு காணும். சீனி விலையைப் பார்த்தால் பனங்கட்டிதான் மலிவு.